மூக்கு அப்பா, முழி அம்மா

ஒரு வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே சொந்தபந்தமெல்லாம் தொட்டிலைச் சுற்றிக் கூடிவிடும். "மூக்கு அப்படியே அப்பா." "முழி அம்மா." "அந்த நெத்தியைப் பாருங்க, நம்ம பெரிய பாட்டியேதான்." "காதுதான் யாரு மாதிரின்னு தெரியலை!" ஐந்தே நிமிடத்தில் அந்தப் பச்சைக் குழந்தையின் முகம் ஐந்தாறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போடப்பட்டுவிடும்.

இதை நாம் யாரும் விநோதமாக நினைப்பதில்லை. ஆனால், ஓர் ஓவியர் இதே வேலையைத் தூரிகையால் செய்து, ஒரு முகத்தை முக்கோணமும் கட்டமுமாகப் பிரித்து அடுக்கிவிட்டால் மட்டும், "இது என்னங்க கூத்து? இதில் முகம் எங்கே இருக்கு?" என்று கேட்டுவிடுகிறோம்.

இந்த வாரம் அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறோம். முகம் எங்கே இருக்கிறது? அதைவிட முக்கியமாக, ஒருவருடைய முகத்தை இன்னொருவர் இப்படி மாற்றி வரையும்போது, அந்த முகம் யாருக்குச் சொந்தம்?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். "இந்த ஓவியர்களுக்கு ஒழுங்காக வரையத் தெரியாது, அதனால்தான் கோணல்மாணலாக வரைந்தார்கள்" என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. பாப்லோ பிக்காசோ 'அறிவியலும் கருணையும்' என்ற பெரிய ஓவியத்தை வரைந்தது 1897ல். அப்போது அவருக்கு வயது 15. நோயாளிப் பெண்ணின் கையைப் பிடித்து நாடி பார்க்கும் மருத்துவர், குழந்தையை ஏந்தி நிற்கும் கன்னியாஸ்திரி என எல்லாமே அச்சு அசலாக இருக்கும். இருப்பதை இருப்பதுபோல் வரைவது அவருக்குப் பள்ளி வயதிலேயே கைவந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதுதான் அவருடைய கேள்வி.

அந்தக் கேள்வியைக் கேட்க வைத்ததில் கேமராவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1839ல் பாரிசில் புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் நடுத்தரக் குடும்பங்களும் ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொள்ள முடிந்தது. அதுவரை ஓர் உருவத்தை அப்படியே பதிவுசெய்து வைக்கும் வேலை ஓவியருடையது. அந்த வேலையைக் கேமரா எடுத்துக்கொண்ட பிறகு, ஓவியருக்கு மிச்சம் என்ன?

*நூற்றுப் பதினைந்து முறை*

பதில் தேடியவர்களில் மூத்தவர் பால் செசான். 1899ல் அவர் தம் ஓவியங்களை விற்றுவந்த வணிகர் அம்புரோஸ் வொல்லாரை வரைந்தார். வொல்லார் பின்னாளில் எழுதியபடி, அந்த ஒரே படத்துக்காக அவர் 115 முறை எதிரில் உட்கார்ந்தாராம். ஒருமுறை தூங்கி விழுந்துவிட்டார். செசானுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆப்பிளைப்போல் அசையாமல் இருக்க வேண்டும், ஆப்பிள் அசையுமா என்று திட்டினாராம்!

இத்தனை பாடுபட்டும் படம் முடியவில்லை. கையில் இரண்டு சின்ன இடங்களில் வண்ணம் பூசாமலேயே விட்டுவிட்டார். அந்த இரண்டு புள்ளிகளைத் தவறான நிறத்தால் நிரப்பினால், முழுப் படத்தையும் மறுபடி வரைய வேண்டி வரும் என்பது அவர் சொன்ன காரணம். கடைசியில் அவர் திருப்திப்பட்டது சட்டையின் முன்பக்கத்தைப் பற்றி மட்டும்தான். பாரிசின் பெத்தி பலே அரும்பொருளகத்தில் இன்றும் அந்தப் படம் இருக்கிறது.

ஆப்பிள் என்று சொன்னது கோபத்தில் வந்த வார்த்தைதான். ஆனாலும் அவர் எப்படிப் பார்த்தார் என்பது அதில் தெரிகிறது. முகத்தையும் அவர் ஒரு வடிவமாகத்தான் பார்த்தார். 1904ல் இளம் ஓவியர் எமில் பெர்னாருக்கு எழுதிய கடிதத்தில், இயற்கையை உருளை, கோளம், கூம்பு ஆகிய வடிவங்களாகப் பார்க்கும்படி அறிவுரை சொன்னார். 1906ல் செசான் காலமானார். மறு ஆண்டு பாரிசில் அவருடைய நினைவுக் கண்காட்சி நடந்தது. அதைப் பார்த்த இளைஞர்கள் அந்த அறிவுரையை அவரே நினைத்துப் பார்த்திராத தூரத்துக்குக் கொண்டுபோனார்கள்.

*அழிக்கப்பட்ட முகம்*

அதற்குச் சற்று முன்பே, 1905லும் 1906லும் பாரிசில் இன்னொரு நாற்காலிக் கதை நடந்துகொண்டிருந்தது. உட்கார்ந்திருந்தவர் அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன். வரைந்தவர் 24 வயது பிக்காசோ. ஏறக்குறைய 80, 90 முறை உட்கார்ந்ததாக ஸ்டைன் சொல்லியிருக்கிறார்.

ஒருநாள் பிக்காசோ, வரைந்திருந்த தலை முழுவதையும் அழித்துவிட்டார். உங்களைப் பார்க்கும்போது இனிமேல் உங்களை என்னால் பார்க்க முடியவில்லை என்கிற பொருளில் ஏதோ சொல்லிவிட்டு, ஸ்பெயினில் கோசோல் என்ற மலைக் கிராமத்துக்குப் போய்விட்டார். அங்கிருந்து திரும்பியதும், ஸ்டைனை எதிரில் வைத்துக்கொள்ளாமலேயே முகத்தை வரைந்து முடித்தார். பழங்கால ஐபீரியக் கற்சிலைகளின் சாயல் அந்த முகத்தில் ஏறியிருந்தது. முகமூடிபோல் இறுகிய கன்னம், கனத்த இமை, ஒன்றுக்கொன்று பொருந்தாத இரு கண்கள்.

பார்த்தவர்கள், ஸ்டைன் இப்படி இல்லையே என்றார்கள். அதனால் பரவாயில்லை, அவர் இப்படி ஆகிவிடுவார் என்று பிக்காசோ பதில் சொன்னதாகக் கதை.

90 முறை எதிரில் உட்கார்ந்த ஒருவரின் முகம் எப்படி ஒரே முகமாக இருக்க முடியும்? காலையில் ஒரு முகம், களைத்தபின் ஒரு முகம், சிரித்தபின் ஒன்று, வாதாடியபின் ஒன்று. இவற்றில் எதை வரைவது? எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் எலும்புக்கூட்டை, அந்த ஆளின் கனத்தை, எளிய வடிவங்களில் பிடிக்க முடியுமா என்று பிக்காசோ பார்த்தார். கேமராவால் ஓர் இடத்தில் நின்று ஒரு கணத்தைப் பிடிக்க முடியும். பல நாளைப் பிடிப்பது ஓவியருக்கு மிச்சமிருந்த வேலை.

ஸ்டைனுக்கு அந்தப் படம் பிடித்திருந்தது. வாழ்நாள் முழுவதும் தம்முடன் வைத்திருந்தார். அது தானேதான் என்று எழுதினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர் தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டபோது பிக்காசோ பதறி, என் படம் என்ன ஆவது என்று கேட்டாராம். பிறகு உற்றுப் பார்த்துவிட்டு, எல்லாம் அப்படியேதான் இருக்கிறது என்று சமாதானம் ஆனாராம். 1946ல் ஸ்டைன் மறைந்தார். அவருடைய உயிலின்படி அந்தப் படம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அரும்பொருளகத்துக்குப் போனது.

*கடிகாரச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு...*

1910க்கு வருவோம். கியூபிசம் என்ற கனசதுரப் பாணி உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த காலம். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கிண்டல் இருக்கிறது. 1908ல் ஜார்ஜ் பிராக்கின் ஓவியங்களைப் பார்த்த லூயி வொசெல் என்ற விமர்சகர், எல்லாவற்றையும் கனசதுரங்களாகச் சுருக்கிவிட்டார் என்று நையாண்டி செய்தார். கிண்டல் பெயரே நிலைத்துவிட்டது.

பிராக்கின் அந்தக் கண்காட்சியை நடத்தியவர் டேனியல்-ஹென்றி கான்வைலர். ஜெர்மனியின் மன்ஹைமில் பிறந்தவர். 1907ல், இளம் வயதிலேயே, பாரிசில் ஒரு சின்ன ஓவியக்கூடத்தைத் திறந்தார். யாரும் வாங்கத் துணியாத ஓவியர்களின் படங்களை வாங்கினார். 1910ன் இலையுதிர் காலத்தில் பிக்காசோ அவரை வரைந்தார். சுமார் 30 முறை உட்கார்ந்தார்கள்.

அந்தப் படம் இப்போது சிகாகோ கலைக்கழகத்தில் இருக்கிறது. திறன்பேசியில் தேடினால் உடனே கிடைக்கும். தேடி எடுத்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் பார்வைக்கு உடைந்த கண்ணாடிச் சில்லுகளை அள்ளிக் கொட்டியதுபோல் இருக்கும். பழுப்பு, சாம்பல், கறுப்பு, கொஞ்சம் வெள்ளை. பதறாதீர்கள். கீழே நடுப்பகுதியில் பாருங்கள். கோத்துவைத்த இரண்டு கைகள் தெரிகின்றனவா? அங்கிருந்து மெல்ல மேலே ஏறுங்கள். கோட்டில் தொங்கும் கடிகாரச் சங்கிலி. இன்னும் மேலே, கழுத்துப்பட்டையின் முடிச்சு. அதற்கும் மேலே மூக்கின் கோடு, கண்கள், உச்சியில் அலையாக வாரிய முடி. இடது பக்கம் கீழே ஒரு புட்டி. அவ்வளவுதான், ஆள் கிடைத்துவிட்டார்! நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளைக் கோத்துக்கொண்டு, பொறுமையாகக் காத்திருக்கும் ஒரு வணிகர்.

ஏன் இத்தனை மங்கலான நிறங்கள் என்று கேட்கலாம். வண்ணம் கவர்ச்சியாக இருந்தால் கண் அங்கேயே நின்றுவிடும். வடிவத்தைத் தேடிப் போகாது. அதனால்தான் அந்தச் சில ஆண்டுகள் பிக்காசோவும் பிராக்கும் வண்ணத்தை வேண்டுமென்றே குறைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு சில்லின் ஒரு விளிம்பையும் மூடாமல் திறந்தே விட்டார்கள். அதனால் உடலும் பின்னால் இருக்கும் காற்றும் ஒன்றுக்குள் ஒன்று நுழைகின்றன. பார்ப்பவர் சும்மா நிற்க முடியாது. நீங்களும் பாதி வேலை செய்ய வேண்டும்.

வானொலியில் வேலை செய்யும் எனக்கு இந்த இடம் ரொம்பவும் பிடிக்கும். எங்கள் நேயர்கள் தினமும் செய்வது இதைத்தான். அவர்களுக்குக் கிடைப்பது ஒரு குரல், ஒரு சிரிப்பு, வார்த்தைக்கு நடுவே ஒரு மூச்சு. அந்தச் சில்லுகளை வைத்து ஒரு முழு ஆளையே கட்டி எழுப்பிவிடுகிறார்கள். நேரில் பார்க்கும்போது, "உங்க குரலுக்கும் முகத்துக்கும் சம்பந்தமே இல்லையே" என்று சிரிப்பவர்களும் உண்டு. அவர்கள் கட்டிய முகம் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அது அவர்கள் கேட்ட என்னுடைய முகம்.

உங்கள் வீட்டிலும் யோசித்துப் பாருங்கள். மின்தூக்கிக் கதவு திறந்ததும் காதில் விழும் சாவிக்கொத்துச் சத்தத்திலேயே அப்பா வந்துவிட்டார் என்று தெரிந்துவிடுகிறது. கூட்ட நேரத்தில் எம்ஆர்டி நிலையத்தில் தோளின் சாய்வை மட்டும் வைத்து நண்பரைக் கண்டுபிடிக்கிறோம். நெருங்கியவர்களை நாம் சின்னச் சின்ன அடையாளங்களால்தான் அறிந்து வைத்திருக்கிறோம்.

அதே 1910ல் பிக்காசோ வொல்லாரையும் வரைந்தார். ஆம், தூங்கி விழுந்த அதே வொல்லார்தான். இந்தப் படம் மாஸ்கோவின் புஷ்கின் அரும்பொருளகத்தில் இருக்கிறது. எல்லாம் சில்லுகள்தான். ஆனால், அகன்ற நெற்றியும் கவிழ்ந்த இமைகளும் மட்டும் தோல் நிறத்தில் வெளிப்பட்டு நிற்கும். பெரியவர்கள் பலர் அடையாளம் தெரியாமல் விழித்தபோது, நண்பர் ஒருவரின் நான்கு வயது மகன் விரலை நீட்டி, இது வொல்லார் என்று சொன்னதாக வொல்லாரே எழுதியிருக்கிறார்.

இந்தப் பாணிக்குப் புதியவர்கள் என்றால், உங்களுக்கு எளிதான ஒரு வாசல் உண்டு. ஹுவான் கிரிஸ் 1912ல் வரைந்த பிக்காசோவின் உருவப்படம். இதுவும் சிகாகோவில்தான் இருக்கிறது. கிரிஸ் மாட்ரிட்டில் தொழில்நுட்ப வரைகலை படித்தவர். அந்தப் பயிற்சி படத்தில் தெரியும். குறுக்குக் கோடுகள் ஒழுங்காக ஓடும். நீலமும் சாம்பலும் படிகம்போல் மின்னும். கையில் வண்ணத்தட்டோடு பிக்காசோ கம்பீரமாக உட்கார்ந்திருப்பார். ஊரையெல்லாம் துண்டு போட்டவரை, இன்னொருவர் துண்டு போட்டு மரியாதை செய்த படம் அது.

*"அது நான் இல்லை"*

இதுவரை எல்லாம் சுகமான கதைகள். இனி வருவது அப்படி இல்லை.

1937ல் பிக்காசோ 'அழும் பெண்' படத்தை வரைந்தார். லண்டனின் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. அந்த ஆண்டு ஏப்ரலில், ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் குவெர்னிக்கா நகரம் குண்டுவீசி அழிக்கப்பட்டது. அந்தத் துயரத்தின் தொடர்ச்சியாக வந்த படம் இது. சிவப்புத் தொப்பி, அதில் நீலப் பூ. பச்சையும் மஞ்சளுமாகத் துண்டுபட்ட முகம். வாயில் கடித்திருக்கும் கைக்குட்டை உடைந்த கண்ணாடிபோல் கூர்மையாக இருக்கும். அழுகை ஒரு முகத்தை எப்படி உடைக்கும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது கடினம்.

அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் டோரா மார். அவர் வெறும் காதலியோ மாதிரியோ அல்ல. பெயர்பெற்ற புகைப்படக் கலைஞர். பிக்காசோவின் 'குவெர்னிக்கா' ஓவியம் உருவான கட்டங்களைப் படிப்படியாகப் படம் எடுத்துப் பதிவுசெய்தவர் அவர்தான். ஆனால் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் அழும் பெண்ணாகத்தான். பிக்காசோ தம்மை வரைந்த படங்கள் எல்லாமே பொய் என்றும், அவை பிக்காசோவின் படங்களே தவிர, அவற்றில் ஒன்றுகூட டோரா மார் இல்லை என்றும் அவர் பின்னாளில் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது.

ஒரே ஓவியர். ஏறக்குறைய ஒரே துணிச்சல். ஸ்டைன், இது நான்தான் என்றார். மார், இது நான் இல்லை என்றார். இருவரில் யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. 'அழும் பெண்' ஒரு மகத்தான ஓவியம். அதே நேரத்தில், அதில் இருக்கும் பெண்ணுக்குத் தன் முகத்தைப் பற்றிச் சொல்ல ஒரு வார்த்தை இருந்தது. அதையும் கேட்டுவிட்டுப் படத்தைப் பார்ப்பதுதான் நியாயம். ஒரு மனிதரை நாலு கோட்டில் சுருக்குவது பெரிய சக்தி. அது அவரை வெளிச்சத்துக்குக் கொண்டுவரவும் செய்யும், ஒரே முகபாவத்துக்குள் பூட்டி வைக்கவும் செய்யும்.

இந்தச் சக்தி ஓவியர்களிடம் மட்டும் இல்லை. நம் குடும்பங்களிலும் இருக்கிறது. "இவன் படிக்கமாட்டான், விளையாட்டுப் பிள்ளை." "அவ எப்பவும் அழுமூஞ்சி." ஏழு வயதில் ஒட்டிய சீட்டு இருபத்தேழு வயதில் நடக்கும் குடும்ப விருந்திலும் கழறாமல் இருக்கும். டோரா மாரின் கோபம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புரியும்.

*ஐம்பது வெள்ளியும் ஒரு செயலியும்*

இதெல்லாம் பாரிஸ் கதைதானே என்று நினைத்தால், உங்கள் பணப்பையைத் திறந்து பாருங்கள். நம் 50 வெள்ளி நோட்டின் பின்பக்கத்தில், வீணை, வயலின், கொம்பாங், பீப்பா ஆகிய இசைக்கருவிகளோடு இரண்டு ஓவியங்கள் இருக்கின்றன. ஒன்று, சென் வென் ஸியின் குரங்குகள். மற்றொன்று, சியோங் சூ பியெங் 1978ல் வரைந்த, கருவாடு காயவைக்கும் காட்சி. சீனாவில் பிறந்து 1946ல் இங்கே வந்த சூ பியெங், ஐரோப்பிய நவீன ஓவியத்தையும் சீன மை ஓவியத்தையும் இந்த வட்டார வாழ்க்கையோடு கலந்தவர். அவர் வரைந்த மனிதர்களின் நீண்ட கைகால்களும் எளிமையாக்கிய முகங்களும் அந்தக் கலப்பில் வந்தவை. அவருடைய படைப்புகள் பல சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தின் தொகுப்பில் உள்ளன. சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அங்கே பொது நுழைவு இலவசம். பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போகலாம்.

முகத்தை வடிவங்களாகப் பார்ப்பது இன்று நம் அன்றாடமாகவே ஆகிவிட்டது. சாங்கி விமான நிலையத்தில் கடப்பிதழைக் காட்டாமலேயே, முகத்தையும் கருவிழியையும் வைத்து நம்மை அடையாளம் கண்டு கதவு திறக்கிறது. அந்த இயந்திரத்துக்கு நம் முகம் ஓர் அளவுக்கணக்கு. அது கேட்பது ஒரே கேள்வி: பதிவில் உள்ள ஆள் இவர்தானா? அந்த வேலைக்கு அது போதும்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. வேலைக்கு விண்ணப்பிக்கும் இளையர்கள் லிங்க்ட்இன் படத்தைப் போடுமுன் ஒரு செயலிக்குள் அனுப்பி எடுக்கிறார்கள். தாடை மெலிகிறது, கண் பெரிதாகிறது, மூக்கு ஒடுங்குகிறது, நிறம் வெளுக்கிறது. இதுவும் வடிவக் கணக்குதான். ஆனால், போகும் திசை வேறு. பிக்காசோ 30 முறை உட்காரவைத்து, கான்வைலரிடம் மட்டுமே இருந்த ஏதோ ஒன்றைத் தேடினார். செயலி ஒரு நொடியில் எல்லாரையும் ஒரே முகத்தை நோக்கித் தள்ளுகிறது. பாட்டியிடமிருந்து வந்த நெற்றியும், அப்பா கொடுத்த மூக்கும், நம் ஊர் வெயில் பட்ட நிறமும் அதற்குத் திருத்த வேண்டிய பிழைகள். கான்வைலர் படத்தில் முகம் உடைந்திருக்கிறது, ஆள் இருக்கிறார். செயலி தரும் படத்தில் முகம் வழவழவென்று இருக்கிறது, ஆளைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

இந்த வார இறுதிக்கு ஒரு சின்ன வேலை. தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவரைப் பத்து நிமிடம் எதிரில் உட்காரவையுங்கள். திறன்பேசிகள் இருவரிடமும் வேண்டாம். வட்டம், முக்கோணம், கட்டம், கோடு, இவ்வளவுதான் பயன்படுத்தலாம். அழகாக வர வேண்டியதில்லை. அம்மாவின் தோள் எந்தக் கோணத்தில் சரிகிறது, மகனின் புருவம் எந்த இடத்தில் வளைகிறது என்று பாருங்கள். பத்து நிமிடம் தொடர்ந்து ஒருவர் முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாகிறது என்பது அப்போது தெரியும்.

முடித்ததும் படத்தை அவரிடமே கொடுங்கள். "இது நீங்கள்தானா?" என்று கேளுங்கள். அவர் இல்லை என்று சொன்னால் வாதாடாதீர்கள். மறுபடியும் உட்காரச் சொல்லுங்கள். செசானே 115 முறை உட்காரவைத்தார். நமக்கு என்ன அவசரம்?